கடனைக் கடனாகவே எழுதுங்கள்: சொத்தை ஈடு வைக்கும்போது இரு தரப்பும் பார்க்க வேண்டியவை

வீட்டையோ மனையையோ ஈடு வைத்துக் கடன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்று. கொடுக்கப் போகிறவர் கேட்பது அந்த இடம் இன்றைக்கு என்ன விலை போகும் என்று. பின்னால் கோர்ட்டு வாசலில் நிற்கும்போது இருவரும் மல்லுக்கட்டுவது மூன்றாவது ஒரு கேள்வியில்: அன்றைக்கு எழுதியது என்ன பத்திரம்? அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும். தமிழ்நாட்டில் முதன்முறையாக இப்படிக் கடன் வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனியாரிடம் வாங்குவதும் வங்கியில் வாங்குவதும் வேறு வேறு பாதை என்பதால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலில்: என்ன வகை அடமானம்?

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58-ஆவது பிரிவில் ஆறு வகை அடமானங்களைச் சொல்கிறது. நடைமுறையில் நீங்கள் சந்திக்கப் போவது மூன்றுதான்.

சொத்து உங்கள் அனுபவத்திலேயே இருக்க, அதைப் பொறுப்பாகக் காட்டிக் கடன் வாங்குவது ஒன்று. பதிவு அலுவலகத்தில் இதைச் சுவாதீனமில்லா அடமானம் என்பார்கள். கடன் கொடுத்தவர் சொத்தில் குடியேறியோ விளைச்சலை எடுத்துக்கொண்டோ வட்டிக்குக் கழிப்பது இரண்டாவது. ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மூலப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்குவது மூன்றாவது. வங்கிகள் விரும்புவது இதைத்தான். அங்கே 'எம்ஓடி போட்டாச்சா?' என்று கேட்டால், பத்திர ஒப்படைப்புக் குறிப்பு பதிவாகிவிட்டதா என்று பொருள்.

முதல் இரண்டு வகைக்கும், கடன் 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட பதிவுப் பத்திரம் கட்டாயம் என்கிறது 59-ஆவது பிரிவு. 100 ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கு எல்லாக் கடனுக்கும் பதிவு வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளில் எழுதி வீட்டு பீரோவில் பூட்டி வைத்தால் கொடுத்தவருக்குச் சொத்தின் மேல் பிடிமானம் கிடைக்காது. பத்தோடு பதினொன்றாக அவரும் ஈடில்லாமல் கடன் கொடுத்த ஒருவராகி நிற்பார். பதிவு செய்த அடமானத்தின் பேரில் பணத்துக்கு வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம் உண்டு. வெறும் புரோநோட்டுக்கு 3 ஆண்டுதான்.

பத்திர ஒப்படைப்பை எழுத்தே இல்லாமலும் செய்யலாம். சட்டம் அறிவித்த ஊர்களில், கடனுக்கு ஈடு என்ற எண்ணத்தோடு மூலப் பத்திரத்தைக் கொடுத்தாலே போதும். ஆனால் அது, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. கடன் வாங்கியவர் 'பத்திரம் தொலைந்துவிட்டது' என்று புகார் கொடுத்து, பேப்பரில் ஒரு விளம்பரமும் போட்டு, நகலை வைத்துச் சொத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டால், அசல் பத்திரம் உங்கள் கையில் இருந்தும் அலைய வேண்டியது நீங்கள்தான். ஆகவே குறிப்பை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். செலவு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

கிரயமாக எழுதச் சொன்னால்

எனக்குத் தெரிந்த வரையில் சொத்துகள் அதிகம் பறிபோவது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடன் கொடுப்பவர் இப்படிச் சொல்வார்: 'அடமானம்னா பின்னால கோர்ட்டு கேஸுன்னு அலையணும். ஒரு நம்பிக்கைக்குக் கிரயமா எழுதிக் கொடுங்க, பணத்தைத் திருப்பினதும் மறுகிரயம் பண்ணிக் கொடுத்துடறேன்.' அவசரத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. சட்டத்தின் கண்ணுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருப்பி எழுதிக் கொடுக்கும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத வழியுண்டு. தனித்தாளில் எழுதியிருந்தாலோ வாய்வார்த்தையாக இருந்தாலோ 58(சி) பிரிவின்படி அது அடமானமே ஆகாது. வாங்கியவர் மறுநாளே அதை மூன்றாம் நபருக்கு விற்றுவிடலாம்.

இதற்குத் தம்பி முறையில் இரண்டு பத்திரங்கள் உண்டு. ஒன்று, கிரய அக்ரிமெண்ட். 10 லட்சம் கடனுக்கு, '25 லட்சத்துக்கு விற்கச் சம்மதித்து 20 லட்சம் அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிப் பதிவு செய்வார்கள். தவணை பிசகினால் வட்டிக்கு வழக்கு வராது. 'மீதி 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு கிரயம் எழுதிக் கொடு' என்று வழக்கு வரும். இன்னொன்று, பவர் பத்திரம். விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்துவிட்டால் உங்கள் சார்பில் அவரே கையெழுத்துப் போட்டு விற்றுவிடலாம்.

'உண்மையில் இது கடனுக்கு ஈடாகத்தான் எழுதப்பட்டது' என்று சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க நீதிமன்றம் இடம் தருகிறது. அப்படி ஜெயித்தவர்களும் உண்டு. ஆனால் பதிவான பத்திரத்தை எதிர்த்து நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். பல வருட அலைச்சல்.

கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. கிரயமாக எழுதி வாங்கினால் கெட்டி என்று நினைக்காதீர்கள். தொகை பொய், நோக்கம் பொய் என்று தெரிய வந்தால் உங்கள் நியாயமான அசலும் வட்டியும்கூடச் சந்தேகத்துக்குள்ளாகும். வங்கிக் கணக்கில் 10 லட்சம் போனதாக இருக்கும், பத்திரத்தில் 20 லட்சம் என்று இருக்கும். மீதி எங்கே என்று வக்கீல் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அடமானமாக எழுதினால் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் நிற்கிறது: சொத்தை ஏலத்துக்குக் கொண்டு வரலாம், கடன் கொடுத்த மற்றவர்களுக்கு முன்னால் உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்து ஒன்று: கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, வெற்று முத்திரைத்தாள், தொகை எழுதாத புரோநோட்டு எதையும் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையில் தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்ததாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

கொடுப்பவர் செய்ய வேண்டிய சோதனை

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண் என்று கட்டம் கட்டமாக வரும். 'தன்மை' என்ற கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டு மேலிருந்து கீழே வாருங்கள். எங்கெல்லாம் அடமானம் அல்லது உரிமை ஆவண ஒப்படைப்பு என்று இருக்கிறதோ, அதற்குக் கீழே எங்காவது அதே எண்ணைக் குறிப்பிடும் ரசீது ஆவணம், அதாவது கடன் தீர்ந்தது என்ற பதிவு, இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடன் ஏட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய கூட்டுறவுச் சங்கக் கடன்கள் பணம் கட்டி முடித்தும் இப்படித் தொங்கிக்கொண்டிருப்பது சகஜம்.

வில்லங்கத்தில் வராத வங்கி அடமானங்களைக் கண்டுபிடிக்க செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இருக்கிறது. 2011-இல் தொடங்கியது. சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம்.

அப்புறம் குடும்பம். பூர்விகச் சொத்து என்றால் பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு. 'அக்கா எதுவும் கேட்க மாட்டா' என்பது ஆவணம் ஆகாது. எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். அரசு ஒப்படை செய்த நிலத்துக்குப் பட்டாவில் நிபந்தனை இருக்கும். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் எழுதி வாங்கினால் அது செல்லாது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். அதைவிட, வங்கிப் பரிமாற்றம் இருந்தால் 'பணமே தரவில்லை' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பத்திரத்தில் இருக்க வேண்டிய வரிகள்

தொகை என்பது கையில் வந்த தொகையாக இருக்கட்டும். 5 லட்சம் என்று எழுதிவிட்டு மூன்று மாத வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு நாலரை லட்சம் கொடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வாங்கியவர் கையில் வராத 50,000-க்கும் வட்டி கட்டுகிறார்.

வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். பேச்சில் சின்னதாகத் தெரிவது எழுத்தில் வேறு மாதிரி தெரியும். தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் அநியாய வட்டி வாங்குவது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே அது குறிப்பிடுகிறது.

பலரும் கவனிக்காத ஒன்று கெடு. சட்டப்படி, அசல் கட்ட வேண்டிய நாள் வந்த பிறகுதான் மீட்கும் உரிமை பிறக்கிறது. 5 ஆண்டுக் கெடு என்று எழுதிவிட்டு இரண்டாம் ஆண்டில் பணத்தோடு போய் நின்றால், 'இப்போது வேண்டாம், கெடு முடியட்டும்' என்று கொடுத்தவர் சொல்லலாம். 'கெடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் முழுத் தொகையையும் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம்' என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், 'இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் சொத்து எழுதி வாங்கியவருக்கே சொந்தம்' என்று அடமானப் பத்திரத்தில் எழுதிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று பயப்பட வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்போ இரு தரப்பும் செய்துகொண்ட வேறு ஏற்பாடோ இல்லாமல் மீட்கும் உரிமை போய்விடாது. அதைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. மீட்க வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம். விளைச்சலை எடுத்துக்கொள்ளும் ஒத்தியில், கடன் தீராத வரை அந்த 30 ஆண்டுக் கணக்கே தொடங்காது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா காலத்து ஒத்தி என்று கைவிட்ட நிலங்களுக்கும் இதனால் வழி பிறக்கலாம்.

பணத்தை எடுத்துக்கொண்டு போனால் கடன் கொடுத்தவரைப் பார்க்கவே முடியவில்லை, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு கைகொடுக்கும். கெடு வந்த பிறகு பாக்கி முழுவதையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு அவருக்கு நோட்டீஸ் போகச் செய்யலாம். முறையாகக் கட்டினால் அதற்கு மேல் வட்டி ஓடாது.

வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்துக் குடியேறப் போகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: நீங்களும் கடன் கொடுப்பவர்தான். 8 லட்சம் கொடுத்து 3 ஆண்டு வாடகையின்றி இருக்கப் போகும் வீடு ஏற்கெனவே வங்கியில் இருந்தால், வங்கி கைப்பற்ற வரும்போது உங்கள் அக்ரிமெண்ட் பெரிதாக உதவாது. வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரத்தைப் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

வங்கி, நிதி நிறுவனம் என்றால்

இங்கே பத்திர வாசகத்தில் நீங்கள் மாற்றக்கூடியது அதிகம் இல்லை. அச்சடித்த ஒப்பந்தம், ஐம்பது இடத்தில் கையெழுத்து. அதனால் ஒப்பந்தத்துக்கு முன்னால் தரப்படும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு இதைத் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு. உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வட்டி, பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்ற ஒரே எண் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண் போதும்.

வீட்டுக் கடனில் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்சவரம்பு. தனிநபரின் மிதவை வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. தவணை தவறினால் அபராதக் கட்டணம் போடலாம். அதை வட்டியோடு கூட்டி அதற்கும் வட்டி போடக் கூடாது.

ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். கடன் வாங்கியவரிடம் வசூலாகாத பிறகுதான் நம்மிடம் வருவார்கள் என்பது தவறான நம்பிக்கை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், இருவர் பொறுப்பும் ஒரே அளவு.

தவணை தவறினால் என்ன நடக்கும்

தனியாரிடம் அடமானம் வைத்திருந்தால், கொடுத்தவர் சிவில் நீதிமன்றம் போயாக வேண்டும். முதலில் முதல்நிலைத் தீர்ப்பு, அதில் பணம் கட்ட ஆறு மாதம் வரை அவகாசம், கட்டாவிட்டால் இறுதித் தீர்ப்பு, பிறகு ஏலம். ஆள் வைத்து வீட்டைப் பூட்டுவது, சாமான்களைத் தெருவில் வைப்பது எதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை.

வங்கிகளுக்கு 2002-இன் சர்ஃபாசி சட்டம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலேயே சொத்தை எடுக்கலாம். 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அடுத்து 13(2) நோட்டீஸ்: 60 நாளில் முழுக் கடனையும் கட்டு என்று வரும். தபாலைத் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பை இழப்பதுதான் மிச்சம். இந்த 60 நாளில் உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்: கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை, வட்டிக் கணக்கு தவறு, இந்த நிலம் விவசாய நிலம், எதுவானாலும். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் சம்மதமில்லாமல் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

60 நாள் கழிந்தால் சுவாதீன அறிவிப்பு, அதாவது சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்ற நோட்டீஸ். சொத்தில் ஒட்டுவார்கள், 7 நாளுக்குள் இரண்டு நாளிதழில் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். அங்கிருந்து 45 நாளுக்குள் நீங்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கலாம் என்று யாராவது சொன்னால் தயங்குங்கள். பொதுவாக அந்தக் கதவை இந்தச் சட்டம் அடைத்துவிட்டது. முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்க விரும்பினால், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் கட்டிவிடுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு கடைசி எல்லை அதுதான். ஏல நாள் வரை இருக்கிறது என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். ஏலத்தில் பாக்கிக்கு மேல் கிடைத்த பணம் உங்களுக்குச் சேர வேண்டியது. குறைந்தால் மீதிக்கும் நீங்களே பொறுப்பு.

விவசாய நிலம், 1 லட்சத்துக்கு மேற்படாத கடன், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி நிற்பது: இவற்றுக்குச் சர்ஃபாசி பொருந்தாது. விவசாய நிலம் என்பதற்குப் பட்டா மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்க வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது.

கடன் முடிந்த பிறகு

கடைசித் தவணையைக் கட்டிய சந்தோஷத்தில் பலர் நிலுவையில்லாச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், தாய்ப் பத்திரம் முதல் வரி ரசீது வரை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அசலா நகலா என்றும் பாருங்கள். அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவாக வேண்டும். தனியார் கடனிலும் இதே கதைதான்: எழுதி வாங்கியவர் வந்து, பணம் பெற்றுக்கொண்டேன் என்று பதிவு செய்து தர வேண்டும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சில வாரம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்து, ரசீது ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

வங்கியோ நிதி நிறுவனமோ கடன் முடிந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல், அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணத்தைத் தொலைத்துவிட்டால் சான்றிட்ட நகல் எடுத்துத் தரும் செலவும் அவர்களுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. முதலில் கிளையில் எழுத்துப் புகார் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது பத்திர நகல், பணம் கொடுத்து வாங்கிய வங்கிக் கணக்குப் பக்கங்கள், வந்த நோட்டீஸ்களை உறையோடு எடுத்துப் போங்கள். உறையின் மேலிருக்கும் தபால் முத்திரைத் தேதியை வைத்துத்தான் 45 நாள் கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.